சிரிப்பொலி இல்லாத சனிக்கிழமைகள்

ஏப்ரல் 12, 2020, ஞாயிறு, காவேரிப்பட்டணம்

ஜெர்சி சிட்டியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. 'சாட்டர்டே நைட் லைவ்' மறுபடி வந்துவிட்டதாம். 1975-லிருந்து நியூயார்க்கில் அரங்கத்தில் கூட்டத்தை உட்காரவைத்து நேரலையாக நடத்தும் நகைச்சுவை நிகழ்ச்சி. மார்ச் 7-க்குப் பிறகு நின்றுபோயிருந்தது. இப்போது ஆளுக்கொரு வீட்டிலிருந்து படம் பிடித்து அனுப்பி, ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க அழுகை வந்தது என்றாள். இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிற ஊரில் இருக்கிறாள், வராதா பின்னே?

யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தோம். கொரோனா வந்து தேறிய நடிகர் டாம் ஹாங்க்ஸ், கோட்டு சூட்டோடு தன் வீட்டுச் சமையலறையில் நிற்கிறார். பார்வையாளர் கேள்வி நேரம் என்று அவரே உடை மாற்றிவந்து கேட்கிறார், அவரே பதில் சொல்கிறார். அத்தை பையனுக்குப் பிடிக்கவில்லை. "டிக்டாக்ல நம்ம பசங்களே இதைவிட நல்லா பண்றாங்க" என்று எழுந்து போய்விட்டான். முழுக்கத் தப்பென்று சொல்ல மாட்டேன். மேடை இன்னும் இருப்பதாகப் பாவித்து நடித்த துண்டுகள் படுத்துவிட்டன. கூட்டம் இல்லை என்பதையே விளையாட்டாக்கிய ஹாங்க்ஸ் எனக்குப் பிடித்தார்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை முதல் நாள். ஊரடங்கு மே 3 வரை நீட்டிப்பு என்று காலையில் பிரதமர் சொல்லிவிட்டார். கூத்தில் கட்டியக்காரன், அதாவது கதையை அறிவித்துச் சிரிக்கவும் வைக்கிற கோமாளி வேஷம் கட்டுகிற மாமா சாப்பிட வந்திருந்தார். பங்குனி, சித்திரை, வைகாசிதான் எங்கள் பக்கம் பாரதக் கூத்துக்குக் காலம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் எல்லாம் நின்றுவிட்டதால் அவர் கையில் ஒரு ஆட்டம்கூட இல்லை.

அவருக்கு 'சாட்டர்டே நைட் லைவ்' செய்திப் பகுதியைப் போட்டுக் காட்டினேன். காலின் ஜோஸ்டும் மைக்கேல் சேவும் தங்கள் தங்கள் வீட்டில் இருந்தபடி செய்தி வாசித்துக் கிண்டலடிக்கிறார்கள். சிலரை ஜூமில் இணைத்துச் சிரிக்கவைத்திருக்கிறார்கள். மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் போனைக் காதோரம் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "சிரிப்பு அடங்கறதுக்குள்ள அடுத்த பேச்சை எடுக்கக் கூடாது கண்ணு. முன்னாடி ஆள் இருந்தா அது தானா தெரியும். இவங்க பாவம், இருட்டுல ஆடறாங்க" என்றார்.

சேவின் பாட்டி கொரோனாவில் இறந்தது அந்த வாரம்தான். அதையும் அவர் நிகழ்ச்சியில் பேசுகிறார். பல ஆண்டுகள் நிகழ்ச்சிக்கு இசை பார்த்த ஹால் வில்னர் ஏப்ரல் 7-ல் இறந்திருக்கிறார். பழைய நடிகர்கள் ஒவ்வொருவராக வீட்டிலிருந்தே அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். விவரம் சொன்னதும் மாமா அதை மறுபடி போடச் சொன்னார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

இரண்டாவது நிகழ்ச்சி. அமெரிக்காவில் கொரோனா பற்றி மக்களுக்கு விளக்கிவரும் அரசு மருத்துவர் ஃபௌச்சியாக நடிகர் பிராட் பிட். தன் வேஷத்தை பிராட் பிட்தான் போட வேண்டும் என்று ஃபௌச்சியே முன்பு தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். கடைசியில் விக்கைக் கழற்றி, உண்மையான மருத்துவருக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் நன்றி சொல்கிறார். அதுவரை சும்மா பார்த்திருந்த அம்மா, "இந்தப் பையன் யாரு, நல்லா இருக்கணும்" என்றாள்.

மே 10, ஞாயிறு

இந்த மாதத் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலேயே கொரோனா தொற்று இல்லாத பச்சை மண்டலம் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும்தான் என்று பட்டியல் வந்தது. அதற்காகக் கூட்டம் கூடிவிட முடியுமா? மாந்தோப்பில் பெங்களூரா காய் திரள்கிறது, மண்டியில் என்ன விலை போகுமோ என்று எல்லோருக்கும் அதே கவலை.

இன்றோடு 'சாட்டர்டே நைட் லைவ்'காரர்களுக்கு சீசன் முடிகிறது. வீட்டிலிருந்து எடுத்ததில் எனக்குச் சிறந்ததாகப் பட்டது இன்றைய ஜூம் தேவாலயம். கெனன் தாம்ப்ஸன் பாதிரியார். அவர் ஒன்று சொன்னால் சபை பதில் குரல் கொடுக்க வேண்டும். எல்லார் குரலும் முன்னும் பின்னுமாக வந்து மோதுகிறது. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். பின்பாட்டு ஒரு அடி தள்ளி விழுந்தால் கூத்தில் என்ன பாடு என்று அவருக்குத் தெரியும். அத்தை பையனும் சிரித்தான். வீட்டிலிருந்து எடுக்கிற கஷ்டத்தை மறைக்காமல் அதையே கதையாக்கும்போது இங்கிலீஷ்கூடத் தேவைப்படவில்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

ஆயுத பூஜை. மாமா தன் கட்டியக்காரன் குல்லாவையும் சலங்கையையும் துடைத்துப் பொட்டு வைத்திருந்தார். சலங்கை வார் புதுசு.

நியூயார்க்கில் இந்த மாதம் 3-ஆம் தேதியிலிருந்து திரும்பவும் அரங்கத்தில் நடத்துகிறார்கள். குறைந்த கூட்டம், எல்லாருக்கும் முகக்கவசம். அங்கே விதிப்படி சம்பளம் வாங்குகிற ஆட்கள்தான் உள்ளே இருக்கலாம் என்பதால், பார்க்க வந்தவர்களுக்கு 150 டாலர் காசோலை கொடுத்திருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன்.

"குடுக்கட்டும், அவங்களும்தானே ஆடறாங்க" என்றார். அப்புறம் வைகாசிக்காவது திருவிழாவுக்கு அனுமதி கிடைக்குமா என்று தாலுகா ஆபீஸில் கேட்டு வரச் சொன்னார். நாளை விடுமுறை, செவ்வாய்க்கிழமை போகிறேன்.