தேன் பாட்டிலில் கோடா, கட்டமா?

பில் போடும் பெண் பாட்டிலைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சிவப்பு வெளிச்சம் லேபிள் மேல் ஓடியதே தவிர, பீப் சத்தம் வரவில்லை. "அண்ணே, மெஷின் இத எடுக்கல்லியே" என்றாள். எனக்குப் பின்னால் நாலு பேர் கூடையோடு நின்றார்கள். நாகர்கோவிலில் ஓரளவு பெரிய கடை அது. மாதிரிக்குக் கொண்டுபோன 24 பாட்டிலையும் அட்டைப்பெட்டியோடு பஸ்ஸில் ஏற்றி மார்த்தாண்டத்துக்கே திரும்பக் கொண்டுவந்தேன்.

அண்ணன் தேன்பெட்டி வைத்திருக்கிறார். ரப்பர் தளிர்விடும் காலத்தில் பெட்டிகளைக் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. இளந்தளிரின் காம்பில், இலைகள் பிரியும் இடத்தில் ஊறும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. வாங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்பது மயினியின், அதாவது அண்ணன் மனைவியின், ஆசை. மார்த்தாண்டம் தேனுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த ஆசை இன்னும் கூடிவிட்டது. அதனால்தான் லேபிளில் கியூஆர் கோடு போட்டோம். ஸ்கேன் செய்தால் பெட்டி வைத்த தோட்டத்தின் படம் வரும். கடைக்காரர் "கோடு இருக்கா?" என்று போனில் கேட்டபோது "இருக்கு" என்று தைரியமாகச் சொன்னதும் அதை நம்பித்தான்.

கடைக்கார அண்ணாச்சி திட்டவில்லை. "எனக்கு உன் தோட்டத்துப் படம் வேண்டாம் மக்கா, 13 நம்பர் உள்ள கோடு வேணும்" என்றார்.

அவர் கடையில் இருப்பது பழைய லேசர் துப்பாக்கி. ஒற்றை வெளிச்சக் கோடு குறுக்காக ஓடி, கறுப்பும் வெள்ளையும் மாறி வருவதை மட்டும் பார்க்கும். கியூஆரில் விஷயம் நீளவாக்கிலும் குறுக்கிலும் கட்டம் கட்டமாக இருப்பதால் அதைப் படிக்கக் கேமரா உள்ள ஸ்கேனர் வேண்டும். சரி, அப்படியொரு ஸ்கேனர் இருந்திருந்தாலும் அவருக்குக் கிடைத்திருப்பது எங்கள் இணைய முகவரிதான். அதை வைத்து அவர் கம்ப்யூட்டர் என்ன பில் போடும்? விலையே கோட்டுக்குள்தான் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். கோட்டுக்குள் இருப்பது வெறும் எண். விலை கடையின் கம்ப்யூட்டரில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கிறது.

அன்று ராத்திரி உட்கார்ந்து துருவிப் படித்தேன். பார்கோடை யோசித்த வுட்லேண்ட் என்ற அமெரிக்கர், மயாமி கடற்கரை மணலில் மோர்ஸ் குறியின் புள்ளியையும் கோட்டையும் போட்டு, விரலால் அவற்றைக் கீழே இழுத்துப் பார்த்தாராம். 1974 ஜூன் 26 அன்று ஒஹையோவில் ஒரு கடையில் முதன்முதலாக பில் போட்டது ஒரு சூயிங்கம் பொட்டலத்துக்கு. கியூஆர் வந்தது 1994இல், ஜப்பானில் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைக்க. இரண்டும் வெவ்வேறு வேலைக்குப் பிறந்தவை என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது.

கடைக்கு வேண்டியது இஏஎன்-13 என்ற 13 எண் பார்கோடு. அதற்கான எண்ணைக் குறைந்த காசுக்கு விற்கிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள். நானும் வாங்கப் பார்த்தேன். ஆனால் அந்த எண் வேறு யார் பெயரிலோ பதிவாகி இருந்தால் நாளைக்குப் பெரிய கடையில் மாட்டிக்கொள்வோம் என்று மயினி தடுத்துவிட்டார். பார்கோடு எண்களை முறையாக வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிவு செய்தோம். அங்கே கொடுக்கும் எண் 890 என்று தொடங்கும். இந்தியாவில் செய்த பொருள் என்று அதற்கு அர்த்தமில்லை, நிறுவனம் இங்கே பதிவு செய்திருக்கிறது என்பதுதான். 100 கிராம், 250 கிராம், 500 கிராம் மூன்றுக்கும் தனித்தனி எண் வேண்டும். ரப்பர் தேனும் பலபூத் தேனும் வேறு வேறு என்பதால் மொத்தம் 6.

கடைசி எண் நம் இஷ்டத்துக்குப் போடுவதில்லை. முதல் 12 எண்களில் ஒற்றைப்படை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டி, இரட்டைப்படை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டி மூன்றால் பெருக்கிச் சேர்த்தால் வரும் தொகையை அடுத்த பத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு தேவையோ அதுதான் 13ஆவது எண். 890123456789 என்று வைத்துப் பாருங்கள். 28, அப்புறம் 34இன் மூன்று மடங்கு 102, ஆக 130. ஏற்கெனவே முழுப் பத்தாக இருப்பதால் கடைசி எண் 0. இதைத் தாளில் போட்டுப் பார்த்ததில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அச்சகத்தில்தான் மறுபடியும் இடித்தது. டிசைன் தம்பி லேபிளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று மஞ்சள் மேல் செம்பழுப்புக் கோடு போட்டுவிட்டான். பார்க்க அழகுதான். ஆனால் லேசர் வெளிச்சம் சிவப்பு. சிவப்பு கலந்த கோடு அதற்கு வெள்ளை மாதிரிதான் தெரியும். மஞ்சள் இருக்கட்டும், கோட்டை மட்டும் கறுப்பாக்கு என்றேன். அடுத்தது அளவு. இஏஎன்-13 முழு அளவில் 37.29 மிமீ அகலம், 25.93 மிமீ உயரம். 80 சதவீதத்துக்குக் கீழே குறைக்கக் கூடாது. அவன் இடம் போதவில்லை என்று பாதியாக்கி இருந்தான். இரண்டு பக்கமும் விட வேண்டிய வெற்றிடத்தையும் பூ வேலைப்பாட்டுக் கரை தின்றுவிட்டது. 100 கிராம் பாட்டிலின் வளைவில் ஓரக் கோடுகள் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. அதற்கு மட்டும் கோட்டை 90 பாகை திருப்பி, ஏணிப்படி மாதிரி படுக்கவைத்தோம். உடனே எடுத்தது.

இதற்குள் கியூஆர் செத்துவிட்டிருந்தது! இலவசமாகச் செய்துகொடுத்த தளம், நம் முகவரியை நேரடியாக எழுதாமல் தன் முகவரி வழியாகத் திருப்பிவிட்டிருக்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பணம் கட்டச் சொல்லி நின்றுவிட்டது. அச்சடித்த பிறகும் போகும் இடத்தை மாற்றலாம் என்பது அந்த டைனமிக் வகையின் வசதி. ஆனால் சாவி அடுத்தவன் கையில். இப்போது எங்கள் சொந்தத் தளத்தின் முகவரியையே ஸ்டாட்டிக்காகப் போட்டிருக்கிறோம். படத்தை மாற்ற வேண்டுமானால் தளத்தில் மாற்றிக்கொள்கிறோம். முகவரி 26 எழுத்துக்குள் நின்றதால், பதினைந்து சதவீதம் வரை அழுக்கைத் தாங்கும் 'M' என்ற நிலையில் 25க்கு 25 கட்டத்திலேயே அடங்கியது. தேன் பாட்டில் என்றால் லேபிளில் எப்படியும் கொஞ்சம் ஒழுகும். எழுத்து கூடினால் கட்டம் பெருகிப் பொடியாகிவிடும்.

இன்னொன்று, அடியில் "தேன் வந்த தோட்டம்" என்று எழுதினோம். எழுதாதவரை எல்லாரும் அதை ஜிபே என்று நினைத்துப் பணம் அனுப்பப் பார்த்தார்கள்.

அட்டைப்பெட்டிக்கு வெளியே ஒட்ட கோட் 128 என்ற இன்னொரு வகை பார்கோடு. தோட்டத்தின் குறியும் தேன் எடுத்த தேதியும் எழுத்தும் எண்ணுமாகச் சேர்த்து எழுதலாம். எங்கள் கிட்டங்கிக்குள் மட்டும் ஓடுவதால் யாரிடமும் பதிவு செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது முறை அண்ணாச்சி கடைக்குப் போனபோது அந்தப் பெண் பாட்டிலைக் காட்டிய உடனே பீப் அடித்தது. பழைய லேபிள் 800 மிச்சம் இருக்கிறது. மயினி அதைப் பசை உரிக்காமல் பின்பக்கம் திருப்பிப் பெட்டிக் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறார்.