வாளை மீனும் ஆடிப்பாவையும்: உயர்தரத் தமிழில் கலைச்சொற்களைப் படித்த விதம்

இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குக் கலைப்பிரிவில் தமிழை ஒரு பாடமாக எடுக்கும் வன்னிப் பிள்ளைகளின் கொப்பிகளில் கடைசிப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளுறை, இறைச்சி, தற்குறிப்பேற்றம், படிமம், குறியீடு என்று வரிசையாகச் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கம். விளக்கத்தைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார்கள். ஒரு செய்யுளைக் கொடுத்து இதில் எது இருக்கிறது என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள்.

கிளிநொச்சியில் எங்களுக்கு இலக்கியம் கற்பித்த ஆசிரியர் வரைவிலக்கணம் எழுதவே விடமாட்டார். பாட்டைக் கரும்பலகையில் எழுதுவார். பெயர் கடைசியில்தான் வரும். நானும் இப்போது அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

குறுந்தொகை 8ஆம் பாட்டை எடுங்கள். 'கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம் பழன வாளை கதூஉம் ஊரன்' என்று, தலைவன் மனைவியை விட்டு நாடிவரும் பரத்தை பேசத் தொடங்குகிறாள். வயலோர மாமரத்தில் முற்றிய பழம் தானாக உதிர்கிறது. நீரில் கிடக்கும் வாளை அதைக் கவ்வுகிறது. அத்தகைய ஊரைச் சேர்ந்தவனாம் தலைவன். இதில் 'போல' இல்லை, 'அன்ன' இல்லை. ஆனால் அவள் சொல்ல வந்தது விளங்கிவிடுகிறது: நான் அவனைத் தேடிப் போகவில்லை, அவனாகவே வந்து விழுந்தான். மரம், பழம், மீன் என்று அந்த நிலத்துக்குரிய கருப்பொருள்களை மட்டும் வைத்து வேறொரு செய்தியை உள்ளே வைப்பதுதான் உள்ளுறை உவமம்.

அதே பாட்டின் கடைசியில் 'கையும் காலும் தூக்கத் தூக்கும் ஆடிப் பாவை போல' என்று வருகிறது. கண்ணாடியில் தெரியும் உருவம்போல, மனைவி விரும்பியதை எல்லாம் வீட்டில் செய்கிறானாம். இங்கே உவமை வெளிப்படை. ஆறே அடிகளில் இரண்டும் அருகருகே இருப்பதால், வேறுபாட்டைக் கேட்கும் வினாவுக்கு இதைவிட வசதியான பாட்டு எனக்குத் தெரியாது. கருப்பொருள் வழியாகவே தோன்றும் இன்னொரு குறிப்புப்பொருளான இறைச்சியின் விளக்கத்தில் உரையாசிரியர்களே ஒத்துப்போகவில்லை. அதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தெளிவாக வைத்திருந்தால் போதும்.

திணையில் நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. மாங்குளத்தில் முல்லைத்தீவு பஸ் ஏறினால் ஒட்டுசுட்டான் பக்கம் காடு, முள்ளியவளையில் வயல், இறங்கும் இடத்தில் கடல். முல்லையும் மருதமும் நெய்தலும் ஜன்னலிலேயே தெரிவதால் திணை என்றால் நிலம்தான் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. குறுந்தொகை 25இல் கபிலர், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகப் பார்த்து நிற்கும் குருகைக் காட்டுகிறார். நீரும் கொக்கும் வந்ததும் வகுப்பு முழுவதும் 'மருதம்' என்கிறது. பாட்டோ குறிஞ்சி. தலைவன் தன்னோடு கூடிய நாளில் அந்தக் குருகைத் தவிரச் சாட்சி இல்லை என்பதே தலைவியின் பேச்சு. திணையை முடிவு செய்வது உரிப்பொருள், அதாவது பாட்டில் நிகழும் காதல் ஒழுக்கம் (கூடல் குறிஞ்சிக்கு உரியது); மற்றவை மயங்கலாம் என்று தொல்காப்பியமே இடம் தருகிறது.

தற்குறிப்பேற்றத்துக்குச் சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வரும்போது மதுரை மதிற்கொடிகள் 'வாரல்' (வராதீர்கள்) என்பதுபோலக் கைகாட்டும் இடத்தை எல்லோரும் எழுதுவார்கள், எழுதட்டும். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலையும் கோவலன் கூத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்தக் கொடி ஏன் தடுக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் விடையில் அதைச் சொல்ல வேண்டும்: காற்றில் இயல்பாக அசையும் கொடிமேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றுகிறார். இந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அணியின் பெயர் மட்டும் தனித்து நிற்கும்.

நவீன கவிதையில் படிமமும் குறியீடும்தான் அதிகம் குழம்புகின்றன. தலை இழந்த பனை ஒன்று கண்முன் நிற்கும்படி எழுதப்பட்டிருந்தால் அது படிமம். அந்தப் பனை கவிதை முழுவதும் பனைக்கு அப்பால் ஒன்றைச் சுமந்துவந்தால் குறியீடு. குறியீடு என்று எழுதத் துணிந்தால், எதற்கு என்பதைக் கவிதையின் ஒரு வரியைக் காட்டி நிறுவுங்கள். 'ஈழத்தமிழரின் துயரைக் குறிக்கிறது' என்று மட்டும் எழுதினால் அது எந்தக் கவிதைக்கும் பொருந்தும். அதற்குப் புள்ளி கேட்பது நியாயமில்லை.