கட்டத்தின் ஓரத்தில் நின்றவள்

2011 ஆயுத பூஜை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வந்த மாமா பையன், துணிப் பையின் அடியிலிருந்து பழைய தினசரியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தான். உள்ளே 11 காமிக்ஸ். எல்லாமே முதல் இதழ்கள், எல்லாமே டிசி, அதாவது பேட்மேன், சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க கம்பெனி. அவனோடு வேலை பார்க்கும் ஒருவர் ஆபீஸ் விஷயமாக அமெரிக்கா போய்விட்டுப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தவை. முத்து காமிக்ஸும் ராணி காமிக்ஸும் படித்து வளர்ந்த எங்களுக்கு அந்த வழவழப்பான தாளே ஒரு அதிசயம். ஆனால் அவன் காட்ட வந்தது அதையில்லை. "மச்சான், கதையை அப்புறம் படிச்சுக்கலாம். இதுல ஒரு பொண்ணு இருக்கா, கண்டுபிடி" என்றான்.

முதலில் முன்கதையைச் சொல்லிவிடுகிறேன், தெரியாதவர்களுக்காக. டிசி அந்த வருஷம் தன் கதை உலகத்தையே கலைத்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. அதற்கு வழி செய்த கதை 'ஃப்ளாஷ்பாயிண்ட்', எழுதியவர் ஜெஃப் ஜான்ஸ், வரைந்தவர் ஆண்டி க்யூபர்ட். மின்னல் வேகத்தில் ஓடுகிற ஃப்ளாஷ் என்கிற பேரி ஆலன், கொலையான தன் அம்மாவைக் காப்பாற்றக் காலத்தில் பின்னால் ஓடிப்போகிறான், அதனால் உலகமே தாறுமாறாகிவிடுகிறது, கடைசியில் அதைச் சரிசெய்ய மறுபடி ஓடுகிறான். அந்த ஓட்டத்துக்கு நடுவில், 5ஆம் இதழில், முக்காடு போட்ட ஒரு பெண்ணின் முகம் வருகிறது. ஒன்றாக இருந்த உலகம் மூன்றாக உடைக்கப்பட்டது, யாரோ வரப்போகிறார்கள், அதற்குள் மூன்றும் மறுபடி ஒன்றாக வேண்டும் என்று சொல்கிறாள். டிசி, அதே கம்பெனி தனிப் பெயரில் நடத்திய வெர்டிகோ, வைல்ட்ஸ்டார்ம், இந்த மூன்றின் கதைகளும் ஒரே உலகமாகின்றன. அவள் பெயர் என்ன, எங்கிருந்து வந்தாள், வரப்போவது யார், ஒன்றும் கிடையாது. சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அதன் பிறகு 52 புது வரிசைகள் வந்தன. அந்த 52 முதல் இதழ்களிலும் ஏதாவது ஒரு படக்கட்டத்தில் அவள் நிற்கிறாள். பேச்சு இல்லை, பெயர் இல்லை, பக்கத்தில் இருப்பவர்கள் யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நாங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பகல் வெளிச்சத்தில் ஆறு புத்தகம் முடிந்தது. இருட்டிய பிறகு செல்போன் டார்ச், அதுவும் போதாமல் தாத்தா பஞ்சாங்கம் பார்க்கிற பூதக்கண்ணாடி. 'ஜஸ்டிஸ் லீக்' முதல் இதழில் விக்டர் ஸ்டோன் ஃபுட்பால் ஆடுகிறான் அல்லவா, அங்கே வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் இருந்தாள். இன்னொன்றில் நகக்கணு அளவுக்கு ஒரு ஊதாப் புள்ளி, அவ்வளவுதான், அச்சுப் பிழையோ என்று நான் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடியை மெல்ல மேலே தூக்கினால் புள்ளிக்கு ஒரு தோள் முளைத்தது, தோளுக்கு மேலே முக்காட்டின் மடிப்பு தெரிந்தது. அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அப்படியே வாயடைத்துப் போனோம். ஒரு லாங் சைஸ் நோட்டில் கோடு போட்டு, புத்தகம், பக்கம், எத்தனையாவது கட்டம், இடமா வலமா, முகம் தெரிகிறதா என்று எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், 52 புத்தகத்துக்கும் ஓவியர்கள் வேறு வேறு. ஒவ்வொருவரும் தன் கதைக்குள் இந்த ஒருத்தியை எங்கே நிறுத்துவது என்று யோசித்திருக்கிறார்கள். சிலர் சட்டென்று கண்ணில் படும்படி வரைந்துவிட்டார்கள், அது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக, கொஞ்சம் தள்ளி, ஏதோ பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல் நிறுத்தியவர்கள்தான் அவளைப் புரிந்துகொண்டவர்கள் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

எங்களை உண்மையில் கிறுக்குப் பிடிக்க வைத்தது அவள் நிற்கிற காலம். 'டீமன் நைட்ஸ்' கதை வாளும் கோட்டையுமாக மத்திய காலத்தில் நடப்பது, அதில் இருக்கிறாள். 'ஆல் ஸ்டார் வெஸ்டர்ன்' 1880களின் காத்தம் நகரம், அதிலும் இருக்கிறாள். 'லீஜியன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' 31ஆம் நூற்றாண்டு, அங்கேயும் அவள்தான். சரி, அப்படியென்றால் இவளுக்குச் சாவு கிடையாதா, இல்லை காலத்தில் நடந்து போகிறாளா? நான் ஹார்பிஞ்சர் என்று அடித்துச் சொன்னேன். 1985ல் வந்த 'க்ரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' கதையிலும் பல உலகங்கள் ஒன்றாகின்றன, அதில் அந்த உலகங்களைக் காக்கப் பார்க்கும் மானிட்டர் என்பவருக்காக உலகம் உலகமாகப் போய் ஆள் திரட்டுகிறவள் ஹார்பிஞ்சர். உலகங்கள் சேரும்போது அவள் வராமல் வேறு யார் வருவார்கள்? அவனோ முக்காட்டைக் காட்டி, 'டீன் டைட்டன்ஸ்' கதைகளில் முக்காட்டோடு வருகிற ரேவன் என்றான். முக்காடு போட்டவளெல்லாம் ரேவனா என்று நானும், உலகம் சேர்ந்தாலே ஹார்பிஞ்சரா என்று அவனும், சாப்பிடக் கூப்பிட்ட அத்தையின் குரல் காதில் விழாமல் சண்டை போட்டோம். அவன் திங்கட்கிழமை பெங்களூர் போன பிறகும் ராத்திரி பத்து மணிக்கு மேல் போனில் இதே பேச்சு, மாதக்கணக்கில்.

இந்தக் கிறுக்கு எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தால் எங்கள் தோப்புதான் நினைவுக்கு வருகிறது. காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு உண்டு, பெரும்பாலும் பெங்களூரா ரகம், கூழ் கம்பெனிக்குப் போகிற காய். தோப்பு மூலையில் வேப்ப மரத்தடியில் ஒரு நடுகல். எங்கள் பக்கம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது வழக்கம், வேடியப்பன், வேடியம்மாள் என்று பெயர் வைத்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். எங்கள் கல்லில் வீரன் பெரிதாக, ஒரு கையில் வில்லும் இன்னொரு கையில் வாளுமாக நிற்பான். அவன் கால் பக்கம், கல்லின் ஓரத்தில், ஒரு சாண் உயரத்துக்கு இன்னொரு உருவம். எண்ணெயும் மஞ்சளும் ஏறி ஏறி முகமே இல்லாமல் போய்விட்டது. சின்ன வயதில் பொங்கல் வைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் அங்கேதான் போகும். அது யார் ஆயா என்று கேட்டால், "கூட வந்தவங்கடா" என்பாள். எதுக்கு வந்தாங்க? "கூட வரணும்னு வந்தாங்க." அதற்கு மேல் ஆயாவுக்கும் தெரியாது. ஆனால் வீரனுக்கு வைத்த கையோடு அந்த ஓரத்து உருவத்துக்கும் குங்குமம் வைக்காமல் நகரமாட்டாள். நான் காய் எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்த உருவத்துக்கு விதவிதமாகக் கதை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு நாள் அது வீரனின் தங்கை, ஒரு நாள் அவனைக் கொல்ல வந்து மனசு மாறினவள். வீரனுக்கு ஒரு கதைகூடக் கட்டியதில்லை. அவன் கதைதான் கல்லிலேயே இருக்கிறதே.

அதனால்தான் அந்த ஊதா முக்காடு என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. பேட்மேனுக்கும் சூப்பர்மேனுக்கும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இவளுக்கு நாங்கள்தான் இருந்தோம்.

2012 மே மாதம், இலவச காமிக்ஸ் தினத்துக்கு டிசி வெளியிட்ட சிறப்பிதழில் விடை வந்துவிட்டது. அவள் பண்டோரா. பெட்டியைத் திறந்து உலகத்துக்குள் தீமையை விட்ட அதே கிரேக்கக் கதைப் பண்டோரா. மந்திரவாதிகளின் சபை ஒன்று மூன்று பேரை நிறுத்தித் தீர்ப்புச் சொல்கிறது: இவள், ஃபாண்டம் ஸ்ட்ரேஞ்சர், முகமே இல்லாத க்வெஸ்ச்சன். இவளுக்குத் தண்டனை, சாவில்லாமல் அலைந்து தான் விட்ட தீமையால் மனிதர்கள் படுவதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பது. ஆக, 52 கட்டங்களிலும் அவள் நின்றது அதற்காகத்தான் என்று ஒரு கணக்குச் சரியாகிவிட்டது. அவன் போன் செய்து, "மச்சான், ரெண்டு பேருமே தோத்துட்டோம்" என்றான். எனக்குத் தோற்றது வருத்தமில்லை. இனிமேல் தேட ஒன்றும் இல்லையே என்பதுதான் வயிற்றைப் பிசைந்தது.

ஃபாண்டம் ஸ்ட்ரேஞ்சரை அந்த வரிசையில் நிறுத்தியதும் எனக்கு ஆற்றாமைதான். அவர் 1952லிருந்து இருக்கிறார், ஜான் ப்ரூமும் கார்மைன் இன்ஃபான்டினோவும் உருவாக்கியவர். தொப்பி நிழலில் கண் தெரியாது, வருவார், எச்சரிப்பார், போய்விடுவார். 1987ல் 'சீக்ரெட் ஆரிஜின்ஸ்' 10ஆம் இதழில் அவருடைய பூர்வீகத்தைச் சொல்கிறோம் என்று ஆரம்பித்து, நான்கு எழுத்தாளர்கள் நான்கு வெவ்வேறு கதை எழுதி, எது நிஜம் என்று சொல்லாமலே விட்டுவிட்டார்கள். அதில் ஆலன் மூர் எழுதியது தேவதூதர்களின் போரில் எந்தப் பக்கமும் சேராமல் நின்றுவிட்ட ஒருவனின் கதை, படித்துப் பாருங்கள், இரண்டு நாள் தூக்கம் வராது. நான்கையும் படித்தவனுக்கு அந்த ஆள் மேல் இன்னும் நான்கு மடங்கு ஆசை வரும். அப்படிக் காப்பாற்றி வைத்த ஒருவருடைய கழுத்தில் 2012ல் முப்பது வெள்ளிக் காசை மாட்டி, இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் இவன்தான் என்று முடித்துவிட்டார்கள். வேண்டியதே இல்லை.

பண்டோராவுக்கு 2013ல் தனி வரிசையே வந்தது. முதல் இதழை ரொம்ப ஆசையாகப் படித்தேன். இரண்டு கையிலும் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். பேசுகிறாள், சுடுகிறாள், அழுகிறாள், பழி வாங்குகிறாள். ஒரு கட்டத்தில் ஒரு தோள் மட்டும் தெரிந்தபோது இருந்த கனம், பக்கம் முழுக்க நிற்கும்போது இல்லை. 14 இதழோடு வரிசை நின்றது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 2013ல் 'ட்ரினிட்டி வார்' கதையின் முடிவில், அந்தப் பெட்டி எர்த்-3 என்ற இன்னொரு உலகத்தில் செய்யப்பட்டது, அங்கிருந்து இங்கே வர அது ஒரு கதவு மட்டும்தான் என்று தெரிகிறது. அதாவது பாவத்தை உலகுக்குள் விட்டவள் என்று காலங்காலமாக அவளைச் சபித்தார்களே, அந்தப் பழியே பொய். அந்த இடத்தைப் படித்தபோது அவள் மேல் இருந்த பழைய பாசமெல்லாம் திரும்ப வந்துவிட்டது. செய்யாத தப்புக்காக மத்திய காலத்திலும் நின்றாள், 1880லும் நின்றாள், 31ஆம் நூற்றாண்டிலும் நின்றாள். என் நோட்டை எடுத்து 11 குறிப்பையும் மறுபடி படித்தேன். 'முகம் தெரிகிறதா' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நான் எழுதியிருந்த இடங்களெல்லாம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தன.

2016 மே 25ஆம் தேதி 'ரீபர்த்' சிறப்பிதழ் வந்தது, 80 பக்கம். எல்லோரும் பேரிக்குப் பின் ஃப்ளாஷாக இருந்து, புது உலகத்தில் காணாமல் போயிருந்த வாலி வெஸ்ட் திரும்பி வந்ததைப் பற்றித்தான் பேசினார்கள், பேரியும் வாலியும் கட்டிப்பிடிக்கிற இடத்தில் எனக்கும் கண் கலங்கியது, மறைப்பதற்கில்லை. ஆனால் அதே புத்தகத்தில் சில பக்கங்கள் மட்டும் பண்டோரா வருகிறாள். நமக்குக் காட்டப்படாத ஒருவனைப் பார்த்துக் குற்றம் சாட்டுகிறாள், நிமிர்ந்து நின்று பேசுகிறாள், அப்புறம் நீல ஒளியில் துகள் துகளாகச் சிதறிப்போகிறாள். 'வாட்ச்மென்' என்ற பழைய காமிக்ஸில் ரோர்ஷாக் என்ற முகமூடிக்காரன் செத்துப்போன அதே மாதிரி. அங்கே அவனை அழித்த 'டாக்டர் மன்ஹாட்டன்' என்ற நீல மனிதனின் கைதான் இதுவும். அவ்வளவுதான், அதன் பிறகு கதை வேறு பக்கம் போய்விட்டது. ஐந்து வருஷம் முன்னால் 52 புத்தகத்திலும் ஆள் விட்டுத் தேட வைத்தவள். போனில் அவனிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவேயில்லை அவன். "நம்மகிட்டதான் மச்சான் அவ பத்திரமா இருந்தா" என்றான் அப்புறம்.

இதற்கு நடுவில் எங்கள் கல்லைப் பார்க்கவும் ஆள் வந்தார்கள். நடுகல் தேடி ஊர் ஊராகப் போகிற வாத்தியார் ஒருவர், கூட இரண்டு மாணவர்கள். ஆயாவிடம் அனுமதி கேட்டு, சூடத் தட்டை நகர்த்திவைத்து, தண்ணீர் விட்டுப் பதமாகக் கழுவினார்கள். ஓரத்து உருவத்துக்கு ஒரு கொண்டை இருந்தது, காதில் பெரிய வளையம் இருந்தது. பெண்தான் என்றார் வாத்தியார். வீரனின் மனைவியாக இருக்கலாம், அதற்கு மேல் எழுத்து எதுவும் இல்லாமல் சொல்ல முடியாது என்று சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான், அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. ஆயா கழுவின கல் காய்வதற்குள் மஞ்சளைக் குழைத்து மறுபடி பூசிவிட்டாள், கொண்டை மேலேயும் சேர்த்து.

என் நோட்டில் இப்போது 43 வரி இருக்கிறது. தொகுப்புகளாக வாங்கியது, பெங்களூர் சர்ச் தெருவில் பழைய புத்தக அடுக்கில் கிளறி எடுத்தது, மாமா பையன் பிறந்தநாளுக்குக் கொடுத்தது என்று பத்து வருஷத்துக்கு மேலாகச் சேர்த்தவை. ஒரே நாளில் இணையத்தில் தேடினால் மீதி ஒன்பதுக்கும் பக்கம் எண் கிடைத்துவிடும், எனக்கும் தெரியும். தேடவில்லை, தேடப்போவதும் இல்லை. 'ஓஎம்ஏசி' முதல் இதழ் உங்கள் யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். அவள் எந்தப் பக்கத்தில் நிற்கிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.