மணியோசை வரும் முன்னே

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். பெரிய பேண்ட் ஒன்று ஊர் ஊராகப் போகும்போது, அவர்கள் மேடையேறும் முன் அரை மணி நேரம் வாசித்துவிட்டு இறங்கும் சப்போர்ட் பேண்டில் நான் டிரம்ஸ். அதாவது மணி. ஒரு நாளில் 30 நிமிடம் வாசிப்பு. மீதி 23 மணி 30 நிமிடமும் தூக்குவது, இறக்குவது, காத்திருப்பது, வேனில் அடுத்தவன் தோளில் எச்சில் வடியத் தூங்குவது. போஸ்டரில் எங்களுக்கும் இடம் உண்டு. "மற்றும் பலர்" என்று போட்டிருப்பார்களே, அந்தப் பலர் நாங்கள் நான்கு பேர்தான்.

இது ஒரு கார்ப்பெட் காணாமல் போன கதை.

டிரம்ஸ் செட்டில் காலால் மிதித்து வாசிக்கிற பெரிய டிரம் இருக்கிறதல்லவா, அதுதான் கிக். பெடலை மிதித்தால் சின்னச் சுத்தியல் மாதிரி ஒன்று போய் அதன் தோலில் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் டிரம் ஒரு நூல் அளவு முன்னால் நகரும். ஒரு நூல்தானே என்று விட முடியாது. வேகமான பாட்டு ஒன்றில் சில நூறு அடிகள் விழும். வழுவழுப்பான மரத்தரையாக இருந்தால் மூன்றாவது பாட்டில் டிரம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால்தான் டிரம்ஸ்காரர்கள் எல்லாரும் அடியில் ஒரு கார்ப்பெட் விரிக்கிறோம். கிக் டிரம்மின் இரண்டு முன்னங்கால்களில் உள்ள கூர்முனை அதில் குத்தி நிற்கும். நம் ஸ்டூலும் அதே கார்ப்பெட்டின் மேல் இருப்பதால், நம் எடையே மொத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். அழகுக்கு விரித்திருக்கிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. என் கார்ப்பெட்டை ஒரு தடவை பார்த்தால் அப்படி நினைக்க மாட்டார்கள்.

ஆறடிக்கு ஆறடி. ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கலாம். ஆனால் அதன் மேல் ஒட்டியிருக்கும் மஞ்சள் டேப் துண்டுகளில்தான் என் பிழைப்பே இருக்கிறது. ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மின் ஸ்டாண்டுக்கு மூன்று கால், சிம்பல் என்கிற உலோகத் தட்டுகளின் ஸ்டாண்டுக் கால், பெடலின் குதிகால் என்று எது எங்கே வைக்க வேண்டுமோ அங்கே ஒரு துண்டு டேப். விரித்து, அந்தந்தக் குறியில் வைத்தால் நான்கு நிமிடத்தில் செட் தயார். அது இல்லாவிட்டால் எல்லாமே கையை நீட்டி நீட்டிக் குத்துமதிப்பாக வைக்க வேண்டியதுதான்.

அதைத் தொலைத்தவன் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். நாலாவது ஊரில் நாங்கள் வாசித்து முடித்ததும், வழக்கம்போல் அரக்கப் பரக்க மேடையைக் காலி செய்து, சாமான்களை எல்லாம் பின்பக்க நடைபாதையில் அடுக்கினோம். அவன் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. சுருட்டி வைத்த கார்ப்பெட்டை எடுத்து, மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் விரித்துப் படுத்துவிட்டான். காதில் இயர்பிளக். 85 டெசிபெல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் அந்த நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் 100 டெசிபெல்லில் வெறும் 15 நிமிடம். இவன் மெயின் பேண்ட் வாசித்த ஒன்றரை மணி நேரமும் அங்கேயே குறட்டை விட்டான். எழுந்து வந்தவன், கார்ப்பெட்டை எழுப்பிக் கூட்டி வரவில்லை.

எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. வேன் கதவைச் சாத்தும் முன் சாமான்களை எண்ண வேண்டும். மொத்தம் 23. அன்றைக்கும் எண்ணினோம். கொட்டாவி விட்டுக்கொண்டே எண்ணினோம். 23 சரியாக வந்தது. கிளம்பிவிட்டோம்.

மறுநாள் ஐந்தாவது ஊரில் இறக்கும்போதுதான் தெரிந்தது, அந்த மண்டபத்து மைக் ஸ்டாண்ட் ஒன்று இருட்டில் எங்கள் வேனில் ஏறியிருக்கிறது. கணக்கை அது சரிக்கட்டிவிட்டது.

"கார்ப்பெட் எங்கடா?"

பேஸ்காரன் யோசித்தான். முகத்தில் ஒவ்வொரு மூலையாக வெளிச்சம் பரவுவதைப் பார்க்க முடிந்தது. "நல்ல தூக்கம்டா அது" என்றான்.

சரி, சமாளிக்கலாம், சவுண்ட்செக்கின்போது ஏதாவது வழி கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தேன். சவுண்ட்செக், அதாவது கூட்டம் வரும் முன் வாசித்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்வது, எப்போதும் தலைகீழ் வரிசையில் நடக்கும். கடைசியில் வாசிக்கும் மெயின் பேண்டுக்கு முதலில், முதலில் வாசிக்கும் எங்களுக்குக் கடைசியில். அப்போதுதான் முடித்த கையோடு எங்கள் சாமான் மேடையிலேயே இருக்கும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் முன்னால் போகிறவர்கள் எவ்வளவு இழுத்தாலும் வெட்டு விழுவது கடைசி ஆளுக்கு. நான்கு மணிக்கு வரச் சொன்னார்கள். நான்குக்கு வந்து, ஆறே முக்கால் வரை அவர்களுடைய கிட்டாரிஸ்ட், மானிட்டரில் (வாசிப்பவர்களுக்கே கேட்கும்படி மேடையில் வைக்கிற ஸ்பீக்கர்) தன் குரல் "கொஞ்சம் பிரவுனாக" இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டோம். குரல் எப்படிப் பிரவுனாக இருக்கும் என்று எனக்கு இன்னும் புரியவில்லை. சவுண்ட் இன்ஜினியருக்குப் புரிந்தது. ஏதோ திருகினார், கிட்டாரிஸ்ட் தலையாட்டினார்.

அந்த மாதிரி நேரங்களில் எங்கள் பாடகன் சரித்திரம் சொல்லித் தேற்றுவான். 1967 ஜூலையில் கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ், மங்கீஸ் என்கிற பாப் குழுவுக்கு சப்போர்ட்டாகப் போனார், இவர் வாசிக்க வாசிக்கச் சின்னப் பெண்கள் எல்லாம் மங்கீஸில் பாடுகிற டேவி ஜோன்ஸின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள், சில நாளிலேயே விலகிவிட்டார் என்பான். 1963இல் பாடகர் ராய் ஆர்பிசனோடு கிளம்பிய பீட்டில்ஸ், அவருக்கு முன்னால் வாசிக்க வேண்டியவர்கள், கடைசியில் வாசிக்கிறவர்களாக மாறினார்கள் என்பான். லீட் கிட்டார்காரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர் ஹென்ட்ரிக்ஸ்டா. நமக்கும் அவருக்கும் ஒரே ஒற்றுமை, கூட்டம் வேற ஆளுக்காக வந்திருக்கு" என்பான். தினமும் இதே பேச்சு, இதே பதில்.

எங்கள் முறை வந்தபோது கதவு திறக்கப் பத்து நிமிடம் இருந்தது. சவுண்ட்செக் ரத்து, வெறும் லைன்செக். அதாவது நன்றாகக் கேட்கிறதா என்று பார்ப்பதில்லை, கேட்கிறதா என்று மட்டும் பார்ப்பது.

"கிக்."

தும்.

"ஸ்னேர்."

டப்.

"போதும். பேஸ்."

மேடையின் நடுவில் மெயின் பேண்டின் டிரம்ஸ் செட், ஒரு மேடை மேல் மேடையில், கருப்புத் துணி போர்த்தி, கோயில் சிலை மாதிரி இருந்தது. அதற்கு முன்னால் மிச்சமிருந்த குறுகலான பட்டையில்தான் நாங்கள் நான்கு பேரும். ஓடிக்கொண்டிருக்கும் பேருந்தின் படிக்கட்டில் தொங்குவது போல நெருக்கியடித்து நிற்போம். என் கிக் டிரம்முக்கும் பாடகனின் முழங்காலுக்கும் இடையே ஒரு சாண். பாடகனுக்கு முன்னால் மானிட்டர் பெட்டி. அதற்கு முன்னால் கூட்டம். தரை அன்று காலைதான் மெழுகு போட்டுத் தேய்த்த மாதிரி பளபளவென்று இருந்தது. குனிந்து பார்த்தால் என் கவலை எனக்கே தெரிந்தது.

மெயின் பேண்டின் டிரம்ஸைப் பராமரிக்கிற டெக்னீஷியனிடம் உதிரியாக ஒரு கார்ப்பெட் இருக்குமா என்று கேட்டேன். இருக்கிறது, அந்தக் கருப்புத் துணிக்கு அடியில் என்றார். டேப் ஒட்டிப் பார்த்தோம். துணியால் செய்த கேஃபர் டேப், உரித்தால் பிசின் ஒட்டாது என்று பெயர் வாங்கியது. இங்கே உரிக்காமலேயே ஒட்டவில்லை. வாசலில் கிடந்த மிதியடியைக் கேட்டதற்கு, காவலாளி என்னையும் மிதியடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்புறம் லீட்காரன் வேனில் சாமான் கட்டுகிற பட்டையை எடுத்து வந்தான். கிக் டிரம்மின் கால் இரண்டையும் என் ஸ்டூலின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். "நீ உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அது எங்கேயும் போகாது" என்றான். பழைய வித்தைதான், பலபேர் செய்வது. மிதித்துப் பார்த்தேன். நகரவில்லை. எனக்கு உயிர் வந்தது. அவன் சொன்ன வாக்கியத்தின் முதல் பாதியை நான் சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

விளக்கு அணைந்ததும் ஒரு பெரிய ஆரவாரம். மேடையேறியது நாங்கள் என்று தெரிந்ததும் அது பாதி வழியில் நின்றுவிட்டது. லீட்காரன் ஒரு முறை தந்திகளைச் சரிபார்த்தான். அதற்கு நாலைந்து பேர் கை தட்டினார்கள். 1971இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிதார் மேதை ரவி சங்கர் குழுவினர் சுருதி சேர்த்ததற்கே கூட்டம் கை தட்டி, அவர் சிரித்துக்கொண்டே, இதுவே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என நம்புகிறேன் என்கிற மாதிரி சொன்னார். எங்கள் விஷயத்தில் அப்படி எந்த நம்பிக்கைக்கும் இடமில்லை. முதல் மூன்று பாட்டுக்கும் அந்தச் சுருதிக்குக் கிடைத்த கைதட்டல் கிடைக்கவில்லை.

கடைசிப் பாட்டு உருக்கமானது. "இங்கேயே இரு" என்று பல்லவி. பல்லவி உச்சத்துக்குப் போகும்போது நான் எழுந்து நின்று இரண்டு சிம்பலையும் சேர்த்து அடிப்பேன். பல வருடப் பழக்கம். மூளைக்கு அதில் வேலையே இல்லை, கால் தானாக எழுந்துவிடும்.

எழுந்தேன். ஒரு காலால் கிக்கை மிதித்துக்கொண்டே எழுந்தேன்.

டிரம் கிளம்பியது. ஸ்டூலில் எடை இல்லை, பட்டை இருந்து என்ன பயன்? தும், ஒரு விரல் அளவு. தும், இன்னொரு விரல். "இங்கேயே இரு" என்று கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்த பாடகனின் முழங்காலுக்குப் பின்னால் போய் முட்டியது. அவன் கண்ணைத் திறக்காமல் ஓர் அடி முன்னால் வைத்தான். அது பின்தொடர்ந்தது. அதற்குள் டிரம்மோடு கட்டியிருந்த ஸ்டூல் இழுபட்டு வந்து என் முழங்காலுக்குப் பின்னால் இடிக்க, நான் பொத்தென்று உட்கார்ந்தேன். டிரம் நின்றது.

அடுத்த பல்லவி வந்தது. எழுந்திருக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எழுந்தேன். மறுபடி டிரம் ஓடியது, மறுபடி ஸ்டூல் வந்து என்னை உட்கார வைத்தது. இதற்குள் முன்வரிசை கவனித்துவிட்டது. போனில் மூழ்கியிருந்தவர்கள் போனை எங்கள் பக்கம் திருப்பினார்கள். மானிட்டர் பெட்டிக்கும் டிரம்முக்கும் நடுவே மாட்டிக்கொண்ட பாடகனுக்குப் போக வேறு இடமில்லை. ஒரு காலைப் பின்னால் தூக்கி, குதிகாலை டிரம்மின் விளிம்பில் முட்டுக்கொடுத்து, கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். நின்றபடி திரும்பி, டிரம்மையே பார்த்து, "இங்கேயே இரு" என்று மனமுருகப் பாடினான்.

கூட்டம் முழுக்க அந்த வரியைச் சேர்ந்து பாடியது. எங்கள் பாட்டை எங்களைத் தவிர வேறு யாரும் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இறங்கியதும் மெயின் பேண்டின் டூர் மேனேஜர் காத்திருந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். "31 நிமிஷம் ஆச்சு, தம்பி" என்றார்.

டி-சர்ட் விற்கிற மேஜையில் வழக்கமாக இரண்டு போகும். அன்று ஏழு போனது. அதில் ஒருவர் மெயின் பேண்டின் டி-சர்ட் என்று நினைத்து வாங்கினார், நாங்கள் திருத்தவில்லை. நடு சைஸ் எல்லாம் முதல் ஊரிலேயே தீர்ந்துவிட்டிருந்ததால், ஓர் ஒல்லிப் பையன் கூடாரம் மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, "அந்த டிரம் ஓடுறது எத்தனை நாள் பிராக்டீஸ்?" என்று கேட்டான். "மூணு மாசம்" என்றான் பாடகன், கூசாமல். வேனில் ஏறியதும், இனி தினமும் இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தான். பேஸ்காரன், நியாயப்படி இந்த யோசனையின் பெருமை தனக்குத்தான் சேர வேண்டும் என்றான். அவனை முன் சீட்டுக்குத் துரத்தினோம்.

இரவு ஒன்றரை மணிக்கு என் போனுக்கு, நாலாவது ஊர் மண்டபத்திலிருந்து ஒரு படம் வந்தது. என் கார்ப்பெட், மஞ்சள் டேப்போடு. அதன் மேல், பேஸ்காரன் படுத்த அதே மூலையில், ஒரு நாய் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கீழே ஒரே வரி: "இது பத்திரமாக இருக்கிறது. எங்கள் மைக் ஸ்டாண்ட் சௌக்கியமா?"