விலைப்பட்டியல் எழுதும் நாட்கள்

ஜூன் 2

கஸ்டம் கேக்குக்கான விலைப்பட்டியலை அடியிலிருந்து புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். எழுத எழுத இங்கேயும் போட்டு வருகிறேன். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர்கள் எல்லோருக்கும் வருகிற தலைவலி இது, யாருக்காவது உதவும்.

ஆர்டர் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் "கிலோ என்ன விலை?" என்பதுதான். சாதா கிரீம் கேக்குக்கு அந்தக் கணக்கு ஓரளவு ஒத்துவரும். ஆனால் ஒரு கிலோ கேக்கின் மேல் கிரீமை மட்டும் வழித்து விட்டாலும், கையால் செய்த சர்க்கரை ரோஜாக்களை அடுக்கினாலும் தராசில் பெரிய வித்தியாசம் தெரியாது. அந்த ரோஜாக்களுக்கு ஒரு மத்தியானம் முழுசாகப் போயிருக்கும். பட்டியலில் அந்த மத்தியானத்துக்கு ஒரு வரி வேண்டும்.

ஜூன் 3

முதலில் பொருள் செலவு. எல்லாவற்றையும் கிராமாகவும் மில்லியாகவும் மாற்றி ஒரு நோட்டில் எழுதினேன். மாவு, வெண்ணெய், முட்டை எல்லாம் யாரும் மறக்க மாட்டார்கள். நழுவிப் போவது சின்னச் சின்னப் பொருட்கள்தான். 100 மில்லி எசன்ஸ் பாட்டிலில் 20 டீஸ்பூன் இருக்கிறது, அப்படியானால் ஒரு ஸ்பூனுக்குப் பாட்டில் விலையில் இருபதில் ஒரு பங்கு. ஜெல் கலர், பட்டர் பேப்பர், கிரீம் பிழியும் பைப்பிங் கவர், கேக் போர்டு, பெட்டி, ரிப்பன் எல்லாவற்றையும் இப்படியே பிரித்தேன்.

மின்சாரத்துக்கும் ஒரு வரி. 2,000 வாட் அவன் (கேக் வேக வைக்கிற மின் அடுப்பு) ஒரு மணி நேரம் இடைவிடாமல் எரிந்தால் 2 யூனிட். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் நடுவில் நிறுத்தி நிறுத்திப் போடுவதால் உண்மையில் அதைவிடக் குறைவாகத்தான் ஆகும். இருந்தாலும் 2 என்றே வைத்துக்கொண்டேன், மாவு அடிக்கிற பீட்டரும் ஃப்ரிட்ஜும் அதற்குள் அடங்கட்டும். பீட்டருக்கும் டின்களுக்கும் தேய்மானம் உண்டு. ஒரு பீட்டர் 300 கேக் தாங்கும் என்று கணித்தால் அதன் விலையில் முந்நூறில் ஒரு பங்கை ஒவ்வொரு கேக்கும் கொடுக்க வேண்டும். பழைய பீட்டர் நிற்கிற அன்று புதியது வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டுமே.

ஜூன் 5

இன்று அளவு. 6 அங்குலத்தை 8 ஆக்கினால் எவ்வளவு கூடும் என்று கேட்டால் "இரண்டு அங்குலம்தானே, கொஞ்சம்தான்" என்கிறார்கள். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. 6 அங்குல வட்டம் சுமார் 28 சதுர அங்குலம், 8 அங்குலம் சுமார் 50, 10 அங்குலம் 78க்குச் சற்று மேல். உயரம் ஒன்றாகவே இருந்தாலும் 6க்கு ஆகும் மாவைப்போல 8க்கு ஏறக்குறைய 1.8 மடங்கும், 10க்கு 2.8 மடங்கும் போகும்.

ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை விரிப்பு) கணக்கு வேறு. அது பரப்பின் மேல் விரிவது. 4 அங்குல உயரமுள்ள 8 அங்குல கேக்கில் மேல்பக்கம் 50 சதுர அங்குலம் என்றால் சுற்றுச்சுவர் 100. உயரத்தை 6 ஆக்கினால் சுவர் 150 ஆகிவிடும். இப்போது எல்லோரும் விரும்பிக் கேட்கிற உயரமான கேக்குகளில் ஃபாண்டன்டும் தடவுகிற நேரமும் ஏறுவது இந்தச் சுவரில்தான். மேலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது.

பேர் கணக்கிலும் பார்த்தேன். 4 அங்குல உயர கேக்கை 1 அங்குலத்துக்கு 2 அங்குலமாக வெட்டினால் 8 அங்குல கேக் 24 பேருக்கு வரும், 6 அங்குலம் 12 பேருக்கு. "எத்தனை பேர் சாப்பிடுவாங்க?" என்று கேட்டுவிட்டு அளவை நாமே சொல்வது வாங்குகிறவருக்கும் நல்லது. தேவைக்கு மேல் பெரிய கேக்குக்குப் பணம் கொடுக்காமல் தப்பித்துக்கொள்கிறார்.

ஜூன் 8

நேரம். எனக்கு முக்கியமான நாள் இது. சர்க்கரைப் பூ வைத்த ஓர் 8 அங்குல கேக்கைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை கடிகாரம் பார்த்துச் செய்து முடித்தேன்.

வாட்ஸ்அப்பில் வடிவம், நிறம், பெயர் எழுதும் விதம் எல்லாம் பேசி முடிக்க 35 நிமிடம். பொருள் வாங்கப் போய் வர 40. மாவு கலந்து, டின்னில் ஊற்றி, வெந்ததை எடுத்து ஆற வைக்க 50 (அவனுக்குள் இருக்கும் நேரத்தைச் சேர்க்கவில்லை, அப்போது வேறு வேலை பார்த்தேன்). அடுக்கி, நடுவில் கிரீம் வைத்து, கிரம் கோட் (துகள் உதிராமல் இருக்க முதலில் பூசும் மெல்லிய கிரீம்) போட 45. மேல்பூச்சுக்கு 40. பூக்களுக்கு மூன்று மணி நேரம். பாத்திரம் கழுவிச் சமையலறையைத் துடைக்க 30. பெட்டியில் வைத்துப் போட்டோ எடுக்க 15. கூட்டினால் 435 நிமிடம், ஏழேகால் மணி நேரம்.

அதில் கேக் வேக வைக்கிற வேலைக்குப் போனது 50 நிமிடம் மட்டும். பூக்கள் தனியாக நூற்றுக்கு 41 பங்கை எடுத்துக்கொண்டன. கழுவலும் பேச்சும் கடைக்குப் போனதும் சேர்ந்து ஒன்றேமுக்கால் மணி நேரம், அதை யாரும் பார்ப்பதில்லை. சர்க்கரைப் பூவை வாயில் போட்டு "சக்கரைதானே" என்று சொல்கிற குழந்தை மேல் எனக்குக் கோபமே வராது. ஆனால் பெரியவர்கள் விலை கேட்கும்போது எண்ணில் அந்த மூன்று மணி நேரமும் இருக்க வேண்டும் என்பதில் நான் அசையமாட்டேன். இதழ் ஒவ்வொன்றும் விரல் நுனியில் மெலிந்து வந்தது.

ஜூன் 9

நேரத்துக்குக் கூலி எவ்வளவு? எனக்குப் பிடிபட்ட வழி இது: இதே வேலையை இதே நேர்த்தியோடு செய்ய வேறொருவரை வைத்தால் மணிக்கு என்ன கொடுப்பேனோ, அதுவே என் கூலி. அது செலவில் சேரும். லாபம் அதற்கு மேல், தனியாக. கூலி எனக்கு, லாபம் தொழிலுக்கு. அடுத்த அவன், அடுத்த வகுப்பு, ஆர்டர் இல்லாத மாதம், எல்லாம் லாபத்திலிருந்துதான் வர வேண்டும்.

கேக் செய்யும் தோழி போனில், "செலவோட 40 சதவீதம் போட்டுக்கோ, முடிஞ்சுது" என்றாள். பேப்பரை எடுத்து அவளோடு சேர்ந்தே போட்டுப் பார்த்தேன். செலவு 60 என்றால் 40 சதவீதம் கூட்டி 84. லாபம் 24. விற்ற விலையில் அது 28.6 சதவீதம்தான். விற்கிற விலையில் 40 சதவீதம் லாபமாக நிற்க வேண்டுமானால் 60ஐ 0.6 ஆல் வகுக்க வேண்டும், 100 வரும். 84க்கும் 100க்கும் நடுவில் உள்ளது ஒரு வருஷத்தில் பெரிய தொகை. கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை, பிறகு "மறுபடி சொல்லு, எழுதிக்கிறேன்" என்றாள்.

தள்ளுபடியையும் இதே எண்ணில் பாருங்கள். 100க்கு விற்பதில் 10 குறைத்தால் செலவு 60 அப்படியேதான் இருக்கும், லாபம் 40லிருந்து 30 ஆகிவிடும். வாங்குகிறவருக்குப் பத்து சதவீதம், நமக்கு லாபத்தில் கால்வாசி.

ஜூன் 12

இரண்டு தட்டு கேக், பூக்கள் வழிந்து இறங்குகிற மாதிரி ஒரு படம் அனுப்பியிருந்தார் ஒருவர். கூடவே பட்ஜெட்டும் சொல்லிவிட்டார், படத்துக்கு ஆகும் விலையில் பாதி. பட்ஜெட்டை முதலிலேயே சொல்கிறவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும், பேச்சு சுலபமாகிவிடுகிறது.

"அக்கா, கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்" என்றார். "விலையை மட்டும் குறைக்க முடியாதும்மா, கேக்கை மாத்தலாம்" என்று சொல்லி மூன்று வழி கொடுத்தேன். ஒரு தட்டாக்கி, பூக்களை ஒரு பக்கம் மட்டும் வைக்கலாம். அல்லது இரண்டு தட்டையும் வைத்துக்கொண்டு சர்க்கரைப் பூவுக்குப் பதில் பட்டர்கிரீம் பூ பைப் பண்ணலாம், நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். அல்லது வெட்டி வைக்கச் சின்ன கேக், மீதிப் பேருக்குப் பூ இல்லாத சாதா கேக். வெண்ணெயையோ சாக்லேட்டையோ மட்டமாக்குவது இந்தப் பட்டியலில் என்றைக்கும் வராது. இரண்டாவதை எடுத்துக்கொண்டார். சந்தோஷமாகவே எடுத்துக்கொண்டார்.

ஜூன் 14

சாக்லேட் விலை. நியூயார்க் சந்தையில் 2022இல் டன் 2,500 டாலர் அளவில் இருந்த கோகோ 2024 டிசம்பரில் 12,000 டாலரைத் தாண்டியது. உலகக் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்டும் கானாவும் தருகின்றன. அங்கே மழை பிசகி, மரங்களுக்கு நோய் வந்தால் நம் சமையலறை வரை தெரியும். 2025இல் சந்தையில் கோகோ இறங்கியது. இப்படி ஏறி இறங்குவதால் சாக்லேட் கேக்குக்கு அடிவிலையோடு தனி வரி வைத்துவிட்டேன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை மட்டும் மாற்றலாம்.

ஜூன் 17

உறவுக்காரர்கள். சின்னம்மா போன் பண்ணி, "நம்ம வீட்டு விசேஷம், நீ என்ன விலையா சொல்லப் போறே" என்றார். என் முடிவு: யாருக்குச் செய்யத் தோன்றுகிறதோ அவர்களுக்கு முழுசாகப் பரிசாகவே கொடுப்பேன். விலைக்கு என்றால் எல்லோருக்கும் உள்ள விலை. பாதி விலையில் இருவருக்கும் மனக்குறை. கொடுத்தவருக்கு நஷ்டம், வாங்கியவருக்கோ பணம் கொடுத்துத்தானே வாங்கினோம் என்ற எண்ணம். சின்னம்மாவுக்கு இந்த முறை பரிசு. என்னை வளர்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

ஜூன் 20

அட்வான்ஸ் பாதி, அது கைக்கு வந்த பிறகுதான் தேதியை உறுதி செய்வது. ஒரு தேதியைப் பிடித்து வைத்தால் அந்த நாளுக்கு வரும் மற்ற ஆர்டர்களை விட வேண்டியிருக்கிறது. ஆகவே கடைசி நேரத்தில் ரத்தானால் அட்வான்ஸ் திரும்பாது என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதி அனுப்புவேன்.

அவசர ஆர்டருக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் சிலது முடியாது. கம் பேஸ்ட் (சர்க்கரைப் பூ செய்யும் மாவு) பூ காய ஒரு நாளாவது வேண்டும், காற்றில் ஈரம் இருந்தால் இன்னும் கூட. நாளைக்கு வேண்டும் என்றால் பட்டர்கிரீம் வேலை மட்டும்.

டெலிவரியும் தனி வரி. தட்டு கேக்கை வாங்குகிறவர் கையில் கொடுத்து அனுப்ப எனக்கு மனம் வராது, நானே கொண்டு போய் மேசையில் வைத்துவிட்டு வருவேன். போக வர ஆகும் நேரமும் கூலிக் கணக்கில்தான்.

ஜூன் 23

பட்டியல் முடிந்தது. ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அடிவிலை: கேக், கிரீம், பெட்டி, அதுவரை உள்ள நேரம். அதன் மேல் வேலைப்பாடு மணிக்கணக்கில். வாங்குகிறவருக்கு மணிக்கணக்கைக் காட்டப் போவதில்லை. "எளிய வேலை", "நடுத்தர வேலை", "நுண் வேலை" என்று மூன்று வகையும் ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும். முழு விவரம் என் நோட்டில் இருக்கும்.

மத்தியானம் புதுப் பட்டியல்படி முதல் ஆர்டருக்கு விலை அனுப்பினேன். விளக்கம், சமாதானம் எதுவும் எழுதாமல் அளவு, வகை, மொத்தம், அட்வான்ஸ், தேதி மட்டும். சாயங்காலம் அட்வான்ஸ் வந்துவிட்டது. கூடவே ஒரு கேள்வி: முட்டை இல்லாமல் செய்தால் விலை மாறுமா? அதற்கு வேறு செய்முறை, வேறு பொருள் செலவு. நாளை காலை தராசை எடுத்து வைத்து உட்கார வேண்டும்.