கரோக்கே அறையில் என் குரலுக்குப் பொருந்திய பாடல்கள்

தோக்கியோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டின் டிசம்பரில், ஆண்டு நிறைவு விருந்தான போனென்காய் முடிந்ததும், 'நிஜிகாய்' என்று இங்கே சொல்லப்படும் இரண்டாம் சுற்றுக்காக எங்கள் குழுவினர் எட்டுப் பேர் ஒரு கரோக்கே அறைக்குச் சென்றோம். மைக் என் கைக்கு வந்தபோது, பாடத் தெரிந்த ஜப்பானியப் பாடல் ஒன்றுகூட என்னிடம் இல்லை. யாரும் வற்புறுத்தவில்லை; இரண்டு மணி நேரமும் கைத்தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால், அலுவலகத்தில் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் பேசாத மூத்தவர்கள் அங்கே கண்களை மூடி உருகிப் பாடியதைப் பார்த்தபின், அடுத்த டிசம்பருக்குள் ஒரு பாடலையாவது முழுமையாகக் கற்றுவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

நான் முதலில் தேர்ந்தெடுத்தது, கேட்கப் பிடித்திருந்தது என்ற ஒரே காரணத்துக்காக, யோஆஸோபி குழு 2019இல் வெளியிட்ட 'யோரு நி ககேரு'. கேட்பதற்கு இனிய பாடல்தான். ஆயினும் மூச்சு விடவும் இடமில்லாமல் சொற்கள் விரைந்தோடும் அந்தப் பாட்டைப் புதிதாக மொழி கற்பவர் எடுக்கவே கூடாது. வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டது அடுத்த தவறு. 'உள்ளே' என்று பொருள்படும் சொல்லில் வல்லோசைக் ககரம் வரவேண்டும். நம் எழுத்தில் 'நக' என்று எழுதியதும் நாக்கு பழக்கத்தால் அதை மென்மையாக்கிவிடுகிறது, சொல்லும் 'நீண்ட' என்ற வேறு பொருளுக்குப் போய்விடுகிறது. ஒலியைக் குறிக்கும் ஜப்பானிய எழுத்துகளான ஹிராகானாவை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட பின்புதான் உச்சரிப்பு சீரானது. கரோக்கேத் திரையில் பெரும்பாலும் சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளின் மேல் ஃபுரிகானா என்ற சிறு எழுத்துகளில் ஒலிப்பு தரப்பட்டிருக்கும் என்பதால், ஹிராகானா தெரிந்தாலே பாடிவிட முடியும். அகராதியில் 'பேரண்டம்' என்றிருக்கும் சொல்லின் மேல் 'சொரா', அதாவது வானம், என்று கவிஞர் எழுதியிருக்கக்கூடும். பாட வேண்டியது அந்தச் சிறு எழுத்தையே.

தமிழருக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு, அதற்குள்ளேயே ஒரு கண்ணியும் உண்டு. குறில் நெடில் வேறுபாடும் இரட்டிக்கும் மெய்யும் நமக்குப் பிறவியிலேயே வந்தவை. ஆனால் நாம் அரை மாத்திரை தரும் மெய்க்கு அவர்கள் ஒரு முழு மாத்திரை தருகிறார்கள். செய்தித்தாளைக் குறிக்கும் 'ஷின்புன்' நம் கணக்கில் மூன்று மாத்திரை, அவர்கள் கணக்கில் நான்கு. பாட்டில் அந்த னகர ஒற்றுக்குத் தனிச் சுரமே கிடைக்கும். பேச்சில் நம் குற்றியலுகரம்போல் தேய்ந்து மறையும் 'தெஸு'வின் உகரமும் பாட்டில் பல நேரம் முழுதாக நின்று ஒலிக்கும். இது பிடிபட்ட நாளிலிருந்து நான் தாளத்தைத் தவறவிடுவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

பயிற்சிக்கு, நான் குடியிருக்கும் நிஷிகாசாயில், ரயில் நிலையத்தின் அருகே உள்ள கரோக்கே கடைக்கு, பகல் வேளைகளில் தனியாகச் சென்றேன். தனி ஒருவர் அறை எடுத்துப் பாடுவதற்கு 'ஹிதொகாரா' என்று பெயரே இருக்கிறது. யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை, வார நாள் பகலில் கட்டணமும் குறைவு. அங்கேதான் என் குரலின் எல்லை எனக்கே தெரிந்தது. இன்றைய ஜப்பானிய ஆண் பாடகர்கள் பலர் மிக உயர்ந்த சுருதியில் பாடுகிறார்கள். பாடலின் தொடக்கம் தாழ்வாக இருப்பதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது. 'ஸபி' என்று அவர்கள் அழைக்கும் உச்சப் பகுதியை முதலில் பாடிப் பார்த்து, எட்டவில்லையென்றால் கருவியில் சுருதியை அரைச்சுரம் அரைச்சுரமாக இறக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கட்டையில் பாடிப் பழகிய தொண்டையை ஐந்து கட்டைக்கு இழுப்பதில் பெருமை ஒன்றும் இல்லை.

இப்படித் தேடி நான் சென்றடைந்த பாடல், கியூ சகாமோதோ 1961இல் பாடிய 'உஎ ஓ முயிதே அருகோ'. கண்ணீர் சிந்தாதிருக்க மேலே பார்த்தபடி நடப்போம் என்பது அதன் கருத்து. 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 'சுகியாகி' என்ற பெயரில் முதலிடம் பெற்றதும் இதுவே. நடுத்தர வேகம், வரிகளுக்கிடையே மூச்சு வாங்க இடம், அதிகம் ஏறாத மெட்டு. இதன் தொடக்க வரிகளைக் கேட்டபோது ஏன் இவ்வளவு பழகியதாகத் தோன்றுகிறது என்று வியந்தேன். நான்காம் ஏழாம் சுரங்களை விலக்கும் 'யோனாநுகி' என்ற ஜப்பானிய முறையைத் தழுவியவை அவை. மத்யமமும் நிஷாதமும் இல்லாத அந்த ஐந்து சுரங்கள் நம் மோகன ராகத்தின் சுரங்களே. இடையில் வரும் பகுதி அந்த வரம்பைச் சற்றுத் தாண்டுகிறது; அங்கே மட்டும் கூடுதல் பயிற்சி தேவைப்பட்டது.

ஸ்மாப் குழு 2003இல் தனிப்பாடலாக வெளியிட்ட 'செகாய் நி ஹிதொத்சு தகே நோ ஹனா' பாடலையும் புதியவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். ஐவர் சேர்ந்து பாடியது என்பதால் தனிக்குரலின் வித்தைகள் அதில் குறைவு. உச்சப் பகுதியில் அறையே சேர்ந்து பாடும். தி புளூ ஹார்ட்ஸ் குழுவின் 'லிந்தா லிந்தா' இன்னும் எளிது, கூச்சமில்லாமல் கத்தினால் போதும். மெதுவான பாடல் எல்லாம் எளிய பாடல் என்று எண்ணிவிடக் கூடாது. 'நதா சோசோ' போன்றவற்றில் நீண்டு நிற்கும் சுரங்கள் சிறு சுருதிப் பிசகையும் மறைக்க விடுவதில்லை.

என்கா என்ற பழைய பாணிப் பாடல்களில் 'கொபுஷி' என்னும் குரல் அசைவு, நம் கர்நாடக இசையின் கமகம் கேட்டு வளர்ந்த என் காதை உடனே ஈர்த்தது. ஆனாலும் விருந்துகளில் நான் அவற்றைப் பாடுவதில்லை. ஒருவர் தமக்கே உரியதாக வைத்திருக்கும் பாட்டை இங்கே 'ஒஹாகோ' என்பார்கள்; என்கா எங்கள் மேலாளரின் ஒஹாகோ. மூத்தவரின் பாட்டை முந்திக்கொண்டு பாடுவது முறையன்று.

இரண்டாம் டிசம்பரில், சுருதியை மூன்று படி இறக்கி, சகாமோதோவின் பாட்டைப் பாடினேன். சீழ்க்கைப் பகுதி வந்ததும், எனக்குச் சீழ்க்கை வராதென்று தெரிந்தவர்போல், மேலாளரே அதை எடுத்துக்கொண்டார். வரும் ஏப்ரலில் அவர் ஒசாகாவுக்கு மாற்றலாகிப் போகிறார். மார்ச்சில் நடக்கும் பிரிவு விருந்துக்காக 'செகாய் நி ஹிதொத்சு'வின் இரண்டாம் சரணத்தை இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.