ஜெட் கட்டுநாயக்க வரைதான்

இலங்கை மலைநாட்டில், டிக்கோயாவுக்கு மேலே பழைய துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக நடத்துகிறார்கள். அங்கே நான் ரிசர்வேஷன் பார்க்கிறேன். ஹட்டன் ரயிலில் முதலாம் வகுப்பு கிடைக்குமா, அட்டை கடிக்குமா, சிவனொளிபாதமலைக்கு நல்லதண்ணியில் எத்தனை மணிக்கு ஏறத் தொடங்க வேண்டும், இவைதான் எனக்கு வழக்கமாக வரும் கேள்விகள். இந்த சீசனில் புதிதாக ஒன்று வந்தது. "சார் சென்னையிலிருந்து தனி ஜெட்டில் வருகிறார், உங்களுக்குப் பக்கத்தில் எந்த ஏர்போர்ட்?" என்று ஒரு தொழிலதிபரின் செயலாளர் கேட்டார். மலைநாட்டில் ஜெட் இறங்க ஓடுபாதையே கிடையாது என்று சொல்லிவிட்டு, மற்றதை விசாரிக்க ஆரம்பித்தேன். நுவரெலியா, எல்ல பக்கத்து பங்களாக்காரர்களுக்கும் இந்தக் கேள்வி வரலாம் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

வந்தவர்கள் ஏழு பேர், மூன்று இரவு. சாரின் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, சக்கர நாற்காலி. நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னார் போய்க் கப்பலேறிய குடும்பம். சென்னை–கொழும்பு சாதாரண விமானமே ஒன்றேகால் மணிநேரம்தான், ஜெட்டுக்கும் ஏறக்குறைய அதே நேரம். அம்மாவை வரிசைகளில் காக்கவைக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் செலவு.

விமானம் இங்கே எத்தனை இரவு நிற்கும் என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததால் ஜெட்டை வாடகைக்குத் தரும் நிறுவனத்தின் கொட்டேஷனை எனக்கும் அனுப்பினார்கள். அதைப் படித்த பிறகுதான் இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று புரிந்தது. மணிக்கு இவ்வளவு என்று போட்டிருப்பது விமானம் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும். உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பது கணக்கிலேயே இல்லை. அவர்களுக்குக் கிடைத்த விமானம் டில்லியில் நிற்பது. சும்மா ஒரு கணக்குக்கு மணிக்கு 5,000 டொலர் என்று வைத்துக்கொள்வோம். டில்லியிலிருந்து காலியாகச் சென்னைக்கு இரண்டரை மணி, ஆட்களோடு கொழும்புக்கு ஒன்றேகால், திரும்பிச் சென்னைக்கு ஒன்றேகால், மறுபடி காலியாக டில்லிக்கு இரண்டரை. ஆக ஏழரை மணி, 37,500 டொலர். ஆட்கள் உட்கார்ந்து வந்த நேரத்துக்கு மட்டும் என்றால் 12,500. மீதி 25,000 வெறும் சீட்டுக்கு.

நிறுத்திவைப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு மணியாவது பறந்ததாகப் பல நிறுவனங்கள் பில் போடும். நாலு நாளுக்கு எட்டு மணி. ஏழரை மணி எப்படியும் பறக்கிறது என்பதால் கூடுவது அரை மணிதான். அதோடு பார்க்கிங் கட்டணம், பைலட்டுகளுக்கு ஹோட்டல். அதற்குப் பதிலாக ஆட்களை இறக்கிவிட்டுச் சென்னை வழியாக டில்லிக்கே போய் மறுபடி வந்தால் இன்னும் ஏழரை மணி ஏறும். மூன்று இரவுக்கு நிறுத்திவைப்பதுதான் லாபம் என்று நானே சொல்லிவிட்டேன். பத்து இரவு தங்குகிறவர்களுக்கு இதே கணக்கு தலைகீழ்: பதினொரு நாளுக்கு 22 மணி பில், டில்லிக்குப் போய் வந்தால் பதினைந்து மணியோடு முடியும்.

காலியாகப் போகும் தூரத்தை எம்ப்டி லெக் என்று குறைந்த விலைக்கு விற்பதும் உண்டு. ஆனால் முதலில் வாடகைக்கு எடுத்தவர் நாளை மாற்றினால் உங்கள் பயணமும் போச்சு. வயதானவரோடு வருகிறவர்களுக்கு அது சரிவராது.

இடையில் ஒரு புரோக்கர் விலையை நன்றாகக் குறைத்துச் சொன்னார். விமானம் யாரோ ஒரு முதலாளியின் சொந்த ஜெட். இந்தியாவில் தனியார் பாவனைக்கென்று பதிந்த விமானத்தில் கூலிக்கு ஆள் ஏற்ற முடியாது. அதற்கு அங்கத்தைய விமானப் போக்குவரத்து ஆணையகமான டிஜிசிஏ தரும் நொன்-ஷெடியூல்ட் ஒப்பரேட்டர் பெர்மிட் வேண்டும். நம்மூரில் ரூட் பெர்மிட் இல்லாத வான் வண்டியில் ஆள் ஏற்றுகிற கதைதான். ஏதாவது ஆகிவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்துவிடுவார். பெர்மிட்டின் பிரதி ஒன்று அனுப்புங்கள் என்று செயலாளர் கேட்டதும் அந்தப் புரோக்கர் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டாராம்.

இலங்கைப் பக்கத்து அனுமதியெல்லாம், ஏர்போர்ட்டில் ஜெட்டின் வேலைகளைக் கவனிக்கும் ஹேண்ட்லிங் ஏஜென்ட் பார்த்துக்கொண்டார். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு விமானத்தின் பதிவு, பறப்புத் தகுதி, இன்ஷூரன்ஸ், பைலட் லைசன்ஸ், பயணிகள் பட்டியல் என்று ஒரு கட்டுக் காகிதம். தனி ஜெட் என்றாலும் ஈடிஏ என்ற இணையவழிப் பயண அனுமதியை எல்லோரும் எடுக்கத்தான் வேண்டும். கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானை ஏர்போர்ட்டும் 2022இலிருந்து மறுபடி வெளிநாட்டு விமானங்களை ஏற்கிறது. ஓடுபாதை சுமார் 1,800 மீற்றர், சின்ன ஜெட்டுகளுக்குப் போதும். கொழும்பில் அலுவல் உள்ளவர்களுக்கு அது வசதி. எங்களுக்குக் கட்டுநாயக்க சர்வதேச ஏர்போர்ட்தான் தோதாக இருந்தது. காரணம், அதற்கு அப்பால் இருக்கிற தூரம்.

உண்மையான தலைவலி அங்கேதான். கட்டுநாயக்கவிலிருந்து எங்கள் வாசலுக்கு ரோட்டில் நாலரை, ஐந்து மணிநேரம். முதலில் ஹெலிகொப்டர் பற்றிப் பேசினோம். தோட்டத்து மைதானத்துக்கு மேலே கரண்ட் கம்பி, ஓரத்திலேயே தொழிலாளர் குடியிருக்கும் லயம். லயத்துத் தகரங்களைக் கல்லும் மணல் மூட்டையும்தான் அழுத்திப் பிடித்திருக்கின்றன. தோட்டத்து மெனேஜர் ஒரே கேள்விதான் கேட்டார்: "அந்தக் காத்துக்குத் தகரம் பறந்து யார் தலையிலாவது விழுந்தா நீங்களா வந்து பதில் சொல்லுவீங்க?" பதில் இல்லை. 2017இல் மோடி நோர்வூட்டில் பேச வந்தபோது ஹெலிகொப்டரில்தானே வந்தார் என்று செயலாளர் கேட்டார். அதற்கு இரண்டு அரசாங்கங்கள் வேலை செய்தன, இங்கே நான் ஒருத்தன்தான் என்றேன்.

கடைசியில் சினமன் எயாரின் மிதவை விமானம். சக்கரமும் மிதவையும் சேர்ந்த செஸ்னா கரவன்; கட்டுநாயக்க ஓடுபாதையில் எழும்பி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும். அரை மணிநேரம் போல. எட்டுப் பேர் வரை ஏறலாம், ஆனால் ஒவ்வொருவரின் நிறையையும் முன்கூட்டியே கேட்பார்கள். வசதியான வீட்டுப் பெண்களிடம் இதைக் கேட்பது எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வந்த எண்களில் ஒன்றிரண்டை நான் நம்பவில்லை. பெட்டிகளையெல்லாம் ரோட்டு வழியாக வான் வண்டியில் அனுப்புவது என்று முடிவானது.

மலை கண்ணுக்குத் தெரிந்தால்தான் அந்த விமானம் வரும், அதுவும் பகலில்தான். அதில் நான் வாதாடவில்லை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி கட்டுநாயக்கவை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்த மார்ட்டின்எயார் டிசி-8 விமானம் எங்கள் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள். அதுவும் வாடகைக்கு எடுத்த விமானம், இந்தோனேசிய ஹஜ் பயணிகளோடு வந்தது. நோர்ட்டன் பிரிட்ஜ் பெரியவர்களிடம் விமானம் என்று பேச்செடுத்தால் இன்றைக்கும் அதில்தான் போய் நிற்கும்.

எங்கள் பக்கத்தில் பின்னேரம் ஆக ஆக மூடிவிடும். அதனால் மிதவை விமானம் காலையிலேயே வரவேண்டும், அப்படியென்றால் ஜெட் சென்னையிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். நினைத்த நேரத்துக்குப் போகலாம் என்றுதானே ஜெட் எடுத்தோம் என்று செயலாளர் சலித்துக்கொண்டார். வானிலை கைவிட்டால் ஆட்களை ஏற்ற கட்டுநாயக்கவில் இன்னும் இரண்டு வான்கள் நிறுத்தச் சொன்னேன். ஒரே தூரத்துக்கு இரண்டு தரம் காசு என்று அதற்கும் முணுமுணுப்பு.

இன்னொரு விஷயம் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. சின்ன ஜெட்டில் கதவுதான் மடிந்து படியாக இறங்கும். ஒடுக்கமான, செங்குத்தான படி. சக்கர நாற்காலியை உருட்டி ஏற்ற வழியில்லை. ஆளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கத்து ஹேண்ட்லிங்காரர்களுக்கும் சொல்லி ஆள் ஏற்பாடு செய்தோம். காசல்ரீ இறங்குதுறையில் எங்கள் பையன்கள் தயாராக நின்றார்கள். இவ்வளவும் சரியாக நடந்து, அம்மாவைப் பலகைமேல் இறக்கி நாற்காலியில் உட்காரவைத்ததும் அவர் சொன்னது: "வான்ல வந்திருந்தா கினிகத்தேனையில ஒரு டீ குடிச்சிருக்கலாமேப்பா."

இரண்டாம் நாள் ராத்திரி சார் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பேசினார். சொந்தமாக ஒன்று வாங்கத்தான் நினைத்தாராம், ஓடிட்டர் விடவில்லை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் பைலட் சம்பளம், அவர்களுடைய பயிற்சி, இன்ஷூரன்ஸ், ஹேங்கர் வாடகை நிற்காது. பறந்தால் ஹோக்கர் 800 மாதிரி நடுத்தர ஜெட் மணிக்குச் சுமார் ஆயிரம் லீற்றர் எரிபொருள் குடிக்கும், எஞ்சின் பராமரிப்புக்கு மணிக்கணக்கில் ஒதுக்குவது வேறு. வருஷத்தில் சில நூறு மணி பறக்காதவருக்கு வாடகைதான் சரி என்று ஓடிட்டர் முடித்துவிட்டாராம். இரண்டுக்கும் நடுவில், ஒரு ஜெட்டைப் பலர் சேர்ந்து வாங்கும் பங்கு முறை ஒன்று உண்டு. அமெரிக்காவில் நெட்ஜெட்ஸ் 1986இல் தொடங்கியது. பதினாறில் ஒரு பங்கு எடுத்தால் வருஷத்துக்கு 50 மணி. 1998இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே அந்தக் கம்பனியையே வாங்கிவிட்டது. அதற்கு முன்பு கம்பனிக்கென்று ஒரு ஜெட் வாங்கி, நியாயம் சொல்ல முடியாத செலவு என்ற அர்த்தத்தில் அதற்குப் பெயர் வைத்துத் தன்னையே கிண்டலடித்தவர்தான் பஃபெட். சார் இதைச் சொல்லிச் சிரித்தார். அவருடைய மனைவி சிரிக்கவில்லை.

திரும்பும் நாள் காலை ஏழு மணிக்கு ஏரியே தெரியவில்லை. கொஞ்சம் பார்ப்போம் என்றார்கள். நான் வேண்டாம் என்றேன். ஜெட் உங்களுக்காக நிற்கும், அதுதான் அதன் பெருமை. ஆனால் பைலட்டுகளின் கடமை நேரம் நிற்காது. அவர்கள் ஏர்போர்ட்டுக்கு வந்த நிமிடத்திலிருந்து அது ஓடத் தொடங்கிவிடும், எல்லை தாண்டினால் பயணம் மறுநாளைக்குத்தான். ஏஜென்டுக்குப் போன் போட்டுப் பைலட்டுகளை ஹோட்டலிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, எல்லோரையும் வான்களில் ஏற்றினோம். கித்துல்கலை, அவிசாவளை வழியாகப் பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார்கள். கினிகத்தேனையில் டீயும் குடித்தார்களாம்.

கடைசி பில்லைச் செயலாளர் எனக்கும் காட்டினார். நேரத்தைச் சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கும் வரை கணக்கிட்டிருந்தார்கள், தரையில் ஊர்ந்த நேரமும் காசுதான். மேலதிக பார்க்கிங், ஹேண்ட்லிங், அப்புறம் சென்னையில் ஏற்றிய இட்லிக்குப் போட்டிருந்த விலை! இத்தனை ஆயிரம் டொலரில் ஹட்டன் பக்கம் வந்தது பங்களா வாடகையும் வான் கூலியும் மட்டுமே.

இப்போது யாராவது ஜெட் என்று ஆரம்பித்தால், விமானம் எங்கே நிற்பது, எத்தனை இரவு, படியேற முடியாதவர் யாராவது உண்டா, ஒவ்வொருவரின் நிறை என்ன என்று முதலிலேயே எழுதிக் கேட்கிறேன். வானை நாங்களே புக் பண்ணிவிடுகிறோம், வேண்டாம் என்றாலும். மே மாதம் மழை தொடங்கிவிட்டால் மிதவை விமானத்தை நம்பி நான் யாருக்கும் நேரம் குறித்துக் கொடுப்பதில்லை.